இரண்டு முறை கழற்றி மாட்டிய வீடு

2025 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மாலை, கிழக்கு லண்டனில் ஒரு நூலகத்தின் கணினித் திரையில் இரண்டு பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று 1817-ஆம் ஆண்டு பார்படோஸ் அடிமைப் பதிவேட்டின் பக்கம், மற்றது 1834-ஆம் ஆண்டினுடையது. முதலாவதில் 7 வயதுச் சிறுமி, இரண்டாவதில் 24 வயதுப் பெண். அதே தோட்டம், அதே பெயர், பார்படோஸில் பிறந்தவள் என்ற அதே குறிப்பு. பதினேழு ஆண்டு இடைவெளி கணக்குக்குச் சரியாக வந்தது. என் கணவரின் குடும்பத்தில் இன்று பெயர் சொல்லக்கூடிய முதல் ஆள் அந்தப் பெண். அவரிலிருந்து எண்ணினால் என் கணவர் ஏழாம் தலைமுறை.

இங்கு வந்து சேர மூன்றரை ஆண்டுகள் ஆயின. அதில் பாதிக்கு மேல் தவறான ஊரில் தேடியிருக்கிறேன். வழி தவறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் கரீபியக் குடும்பத்தைத் தேடுகிற எவரும் அதே இடங்களில் தவறக்கூடும். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி ஆட்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதவில்லை.

தகரப் பெட்டி

என் மாமியாரை அத்தை என்றுதான் அழைக்கிறேன். பாளையங்கோட்டைப் பழக்கம். அவரும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். 1949-இல் பார்படோஸில் பிறந்து, 12 வயதில் லண்டன் வந்து, 34 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2021 அக்டோபரில் தம் தையல் சாமான் வைக்கும் தகரப் பெட்டியை என் மடியில் வைத்தார். "நான் கண்ணை மூடுவதற்குள் இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்றார்.

பெட்டியில் நூல்கண்டுகளுக்கு அடியில் மூன்று பொருள்கள் இருந்தன. ஒரு மரவீட்டின் புகைப்படம். 1984-ஆம் ஆண்டு நிலம் வாங்கிய ரசீது. நடுவில் எண் பொறித்த, ஓரத்தில் ஓட்டை போட்ட ஒரு பித்தளைச் சில்லு.

புகைப்படத்தில் இருந்தது பார்படோஸ்காரர்கள் சாட்டல் வீடு என்று சொல்கிற வகை. சாட்டல் என்றால் அசையும் சொத்து. அடிமை முறை 1834 ஆகஸ்டு 1 அன்று சட்டப்படி ஒழிந்தது. ஆனால் "பயிற்சிக்காலம்" என்ற பெயரில் அதே தோட்டங்களில் அதே முதலாளிகளிடம் வேலை செய்யும் கட்டாயம் 1838 வரை நீடித்தது. அதன் பிறகும் நிலம் பெரும்பாலும் கரும்புத் தோட்டக்காரர்கள் கையிலேயே இருந்தது. குடியிருக்கும் துண்டு நிலத்துக்கு வாடகை கட்ட வேண்டும், தோட்டத்தில் வேலையும் செய்ய வேண்டும், முதலாளிக்குக் கோபம் வந்தால் குறுகிய கெடுவில் காலி செய்ய வேண்டும். அதனால் கல்வீடு கட்ட யாருக்கும் துணிவில்லை. அடுக்கிய பவளக் கற்களின் மேல் பலகை வீட்டைத் தூக்கி வைத்தார்கள். கிளம்பச் சொன்னால் சுவர் சுவராகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். முன்பு எந்த மக்களை முதலாளிகள் அசையும் சொத்து என்று கணக்கெழுதினார்களோ, அவர்களுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் அசையும் சொத்து அந்த வீடு.

இதெல்லாம் எனக்கு முதல் மாதத்திலேயே தெரியும், படித்திருந்தேன். தெரிந்தும் அந்த வீடு நகர்ந்திருக்கும் என்று மூன்று ஆண்டுகள் நினைத்துப் பார்க்கவில்லை.

தவறான ஊர்

காரணம் அந்த ரசீது. 1980-இல் வந்த ஒரு சட்டம், தோட்டக் குடியிருப்புகளில் நெடுநாள் இருந்தவர்கள் தங்கள் வீட்டடி நிலத்தைச் சதுர அடிக்கு 10 சென்ட் விலையில் வாங்கிக்கொள்ள வழி செய்தது. அத்தையின் சித்தி 3,200 சதுர அடியை 320 பார்படோஸ் டாலருக்கு வாங்கியிருந்தார். ரசீதில் இருந்த ஊர் செயின்ட் ஜார்ஜ். பார்படோஸ் 11 வட்டாரங்களாகப் பிரிந்தது. எங்கள் ஊர்ச் சபைகளில் சேகரம் என்போமே, ஆங்கிலிக்கன் சபையின் அதே பிரிவுதான் அங்கே அரசாங்க எல்லையாகவும் நிலைத்துவிட்டது. அத்தையும் அடித்துச் சொன்னார்: "நான் பிறந்தது இந்த வீட்டில். என் அப்பா பிறந்ததும் இந்த வீட்டில்தான்."

ஆக, ஊர் செயின்ட் ஜார்ஜ் என்று முடிவு கட்டிவிட்டு, குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகத் தொடங்கினேன்.

கருவிகள் எளியவை. ஃபேமிலிசர்ச் தளத்தில் பார்படோஸ் சபைப் பதிவேடுகள் 1637 முதல் 1887 வரை இருக்கின்றன, கட்டணம் இல்லை. ஆன்செஸ்ட்ரி தளத்துக்குச் சந்தா உண்டு, ஆனால் இங்கிலாந்தில் பல பொது நூலகங்களில் இலவசமாகப் பார்க்கலாம். ஓர் அட்டவணைக் கோப்பு, ஏ3 தாள்கள், இரண்டாம் எண் பென்சில், 9 பவுண்டுக்கு வாங்கிய பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி.

ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்தை முதலில் திறந்தபோது மனம் நெகிழ்ந்தது. என் தாத்தா உபதேசியாராக இருந்த சபையின் பதிவேட்டில் பார்த்த அதே பத்திகள்: பிள்ளையின் பெயர், பெற்றோர், குடியிருப்பு, தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர். கடல்களுக்கு அப்பால் இருக்கிற ஒரு தீவின் ஏட்டை எனக்கு யாரும் சொல்லித்தராமலே வாசிக்க முடிந்தது.

வாசிக்கத் தெரிந்தது. தேடத் தெரியவில்லை. 2022 ஜூன் முடிவதற்குள் 41 பேர் கொண்ட ஒரு வம்சாவளியைக் கட்டி முடித்தேன், அந்த 41 பேரில் ஒருவர்கூட எங்கள் குடும்பம் இல்லை. அடிமைப்பட்ட மக்களுக்குப் பதிவேட்டில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். விடுதலைக்குப் பிறகு குடும்பப் பெயர் வைத்துக்கொண்டபோது சிலர் முதலாளியின் பெயரை எடுத்தார்கள், சிலர் அதற்கு முந்தைய முதலாளியின் பெயரை, சிலர் தகப்பனுடையதை, சிலர் தங்களுக்குப் பிடித்ததை. ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் இரண்டு பெயரில் இருப்பார்கள். தாயும் தகப்பனும் சபையில் மணம் முடித்திராவிட்டால் பிள்ளைக்குத் தாயின் பெயர், பின்னாளில் வேலைக்குப் போகும்போது தகப்பனின் பெயர். இந்த நிலையில் குடும்பப் பெயரை மட்டும் நம்பிப் போவது, ஆற்றில் ஓடுகிற இலையைப் பார்த்து மரத்தைக் கண்டுபிடிப்பது போன்றது.

அதைவிட மோசம், அந்தத் தவறான வம்சாவளியை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றிவிட்டேன். மூன்று பேர் அதைத் தங்கள் கோப்பில் படியெடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் எழுதித் திருத்தச் சொன்னேன். இருவர் திருத்தினார்கள்.

அந்த ஆண்டு சரியாக அமைந்தது ஒன்றே ஒன்று. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 1956-இல் பார்படோஸிலேயே நேரடியாக ஆள் எடுக்கத் தொடங்கியது. அத்தையின் அப்பா அந்த முதல் ஆண்டிலேயே பஸ் நடத்துநராக வந்தவர். இங்கிலாந்துக்குக் கப்பலில் வந்தோர் பட்டியல்கள் 1960 வரை கிடைக்கின்றன, அதில் அவரை ஒரே மாலையில் கண்டுபிடித்தேன்: வயது 32. அதன்படி அவர் பிறந்தது 1924 வாக்கில். அத்தை வந்த 1961 அந்தப் பட்டியல்களின் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

2023 பிப்ரவரியில் பார்படோஸ் போனோம். ஆவணக் காப்பகம் பிளாக் ராக் பகுதியில், முன்பு தொழுநோயாளர்களை வைத்திருந்த வளாகத்தில் இருக்கிறது. நான்கு நாள்கள் அங்கே உட்கார்ந்து செயின்ட் ஜார்ஜ் ஏடுகளில் 1880-களைப் புரட்டினேன். அத்தையின் தாத்தா அகப்படவில்லை. அங்கே செய்த ஒரு தவறு இன்றும் உறுத்துகிறது. பயன்படக்கூடும் என்று தோன்றிய பக்கங்களைப் படம் எடுத்தேன், எந்த ஏடு, எந்தப் பக்கம் என்று படத்தில் பதியவில்லை. ஊர் திரும்பிப் பார்த்தபோது 112 படங்கள், எது எதிலிருந்து என்று தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. 2024 ஜூனில் அந்தக் காப்பகத்தின் ஒரு கட்டடம் தீப்பிடித்து எரிந்த செய்தியைக் கேட்ட இரவு நான் தூங்கவில்லை. இப்போது ஏட்டைத் திறந்ததும் முதல் படம் அட்டை, இரண்டாவது படம் ஏட்டு எண் எழுதிய துண்டுச் சீட்டு, அதன் பிறகுதான் பக்கம்.

பித்தளைச் சில்லு

மூன்றாவது பொருளை நான் தொடாமலே வைத்திருந்தேன். ஏதோ சாவிக்கொத்தின் வில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2024 ஜனவரியில் அத்தைதான் தற்செயலாகச் சொன்னார்: "அது தாத்தா பனாமாவில் கழுத்தில் போட்டிருந்தது."

பனாமாக் கால்வாயை அமெரிக்கா 1904 முதல் 1914 வரை வெட்டியது. அதற்கு ஒப்பந்தத்தில் மட்டும் பார்படோஸிலிருந்து சுமார் 20,000 பேர் போனார்கள். 500 வேலை நாள், மணிக்கு 10 சென்ட், நாளுக்குப் பத்து மணி நேரம். கூலி கொடுக்க இரண்டு பட்டியல்கள். தங்கப் பட்டியலில் பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கர்கள், வெள்ளிப் பட்டியலில் கரீபியத் தொழிலாளர்கள். வெள்ளிப் பட்டியல்காரர்கள் எண் பொறித்த பித்தளைச் சில்லை எப்போதும் உடம்பில் வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டினால்தான் கூலி.

சில்லில் எண் தேய்ந்திருந்தது. மெருகு போட்டு விளக்க வேண்டாம், இருப்பதும் போய்விடும். மெல்லிய தாளை மேலே விரித்து, பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தேன். ஐந்து இலக்கங்களில் நான்கு எழும்பின. முதல் இலக்கம் 1 அல்லது 7. சாய்வாக விளக்கொளி அடித்து உருப்பெருக்கியில் பார்த்தபோது 1 என்று தெரிந்தது.

கால்வாய்ப் பகுதியின் வேலைப் பதிவுகளின் அட்டவணை ஃபேமிலிசர்ச்சில் இருக்கிறது. தாத்தாவின் பெயரில் பார்படோஸ்காரர் நான்கு பேர். அவர்களில் ஒருவரின் அட்டையில் எங்கள் சில்லின் எண். பிறந்த இடம் என்ற கட்டத்தில் செயின்ட் ஜார்ஜ் இல்லை. செயின்ட் பிலிப் என்று இருந்தது, தீவின் தென்கிழக்கு மூலை. நெருங்கிய உறவு என்ற இடத்தில் தாயின் பெயர், அதுவும் வேறு குடும்பப் பெயரோடு.

அத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. "எங்கள் ஆட்கள் செயின்ட் பிலிப்பிலா? ஒருநாளும் இல்லை" என்றார். சில்லு கைமாறியிருக்கலாம், எழுத்தர் தவறாக எழுதியிருக்கலாம் என்று நானும் தயங்கினேன். அத்தை சொன்னதையும் அட்டை சொன்னதையும் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு முழுவதும் ஓரடிகூட நகரவில்லை.

பலகைகள்

முடிச்சு அவிழ்ந்தது 2025 ஜனவரியில், வீட்டைப் பழுது பார்க்கும்போது. அந்த வீடு இன்னும் நிற்கிறது. என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் அதில் இருக்கிறார், தொழில் தச்சு. மேற்குச் சுவரின் அடிக்கட்டையைக் கரையான் அரித்துவிட்டது என்று தகவல் வந்தது. நாங்கள் இரண்டு வாரம் போய்க் கூடமாட நின்றோம்.

முதல் நாள் அளந்தேன். முன்கூடம் நீளம் 19 அடி 10 அங்குலம், அகலம் 9 அடி 11 அங்குலம். 20-க்கு 10 என்ற கணக்கில் கட்டியது. வட அமெரிக்காவிலிருந்து வந்த பைன் பலகைகள் குறிப்பிட்ட நீளங்களில் வந்ததால்தான் இந்த வீடுகள் எல்லாம் அந்த அளவுகளில் இருக்கின்றன. பின்னால் சாய்ப்பு இறக்கிய பகுதி 8 அடி ஆழம், அது பிற்காலத்தில் சேர்த்தது. கூரை செங்குத்தாக இருக்கிறது, தாழ்வாரம் வெளியே நீளவே இல்லை, சூறைக்காற்று பிடித்துத் தூக்காமல் இருப்பதற்காக. 1955 செப்டம்பர் 22 அன்று ஜேனட் புயல் அதையும் மீறித் தூக்கியது. ஆறு வயது அத்தை சபைக் கோவிலில் ஒண்டிக்கொண்டு, தங்கள் கூரைத் தகரம் பறந்து போவதைப் பார்த்தாராம்.

இரண்டாம் நாள் அண்ணன் சட்டத்திலிருந்து பலகைகளைப் பெயர்த்து என்னிடம் நீட்டினார். உள்பக்கத்தைத் துடைத்தபோது உளியால் வெட்டிய குறிகள் தெரிந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, குறுக்குவெட்டு: ரோமன் எண்கள். சட்டத்திலும் அதே எண்கள். நான் அவரைப் பார்த்தேன். "கழற்றி மாட்டுகிறவன் போடுகிற குறி" என்றார், இதில் என்ன அதிசயம் என்பதுபோல. சுவரின் மறுபுறம் அதே பலகைகளில் நீல வண்ணத்தில் தூரிகையால் எழுதிய சாதாரண எண்கள். வரிசை உளிக்குறியோடு ஒத்துப்போகவில்லை. ஆணித் துளைகளையும் எண்ணினோம். ஒவ்வொரு பலகை முனையிலும் இப்போது ஆணி இருக்கிற துளைகள் போக, மரத்தூளும் வண்ணமும் அடைத்துக்கொண்ட இரண்டு பழைய தொகுதிகள் இருந்தன. ஆக, அந்த வீட்டை ஒருமுறை கட்டி, இரண்டு முறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அன்று மாலையே மூன்று வீடு தள்ளி இருக்கிற, 91 வயதான உறவுக்காரப் பாட்டியிடம் போனோம். இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. சின்னப் பிள்ளையாக லாரியில் வீடு வந்து இறங்கியதைப் பார்த்தவர் அவர். சுவர்கள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன, அதன் மேல் தாத்தாவின் மனைவி பீங்கான் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒரு தட்டுகூட உடையவில்லை என்றார். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "செயின்ட் பிலிப்பிலிருந்துதான். அங்கேயும் முதலில் வேறு இடத்தில் இருந்ததாம். மேலாளரோடு கரும்புத் தகராறு, கிளம்பு என்றுவிட்டான்."

அத்தை சொன்னது ஒரு சொல்லும் பொய் இல்லை. அவரும் அவருடைய அப்பாவும் அதே வீட்டில்தான் பிறந்தார்கள். வீடுதான் ஊர் மாறிவிட்டது. தாத்தா 1919-இல் பனாமாப் பணத்தோடு திரும்பி வந்து செயின்ட் பிலிப்பில் கட்டியது, 1924-இல் மகன் அங்கே பிறந்தது, 1930-களின் இறுதியில் மனைவி வீட்டார் பக்கம் செயின்ட் ஜார்ஜுக்கு வந்தது. லண்டனுக்கு அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தட்டுகள் எனக்கு நினைவிருக்கிறது" என்றார்.

பதிவேடுகள்

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இம்முறை குடும்பப் பெயரைத் தூக்கி ஓரம் வைத்தேன். அட்டவணைக் கோப்பில் முதல் பத்தியாகக் குடியிருப்பை வைத்து வரிசைப்படுத்தினேன், இரண்டாவது தாயின் முதற்பெயர், குடும்பப் பெயர் கடைசியில். செயின்ட் பிலிப் ஞானஸ்நான ஏட்டில் 1886-இல் தாத்தா கிடைத்தார். தகப்பன் பத்தி வெற்றிடம், தாயின் பெயர் பனாமா அட்டையில் இருந்ததே, குடியிருப்பு ஒரு கரும்புத் தோட்டம். இன்னும் இரண்டு ஆண்டு தள்ளிப் பிறந்திருந்தால் இணையத்தில் இருக்கும் தொகுப்புக்கு வெளியே போயிருப்பார்.

அதே தோட்டத்தின் பெயரை மட்டும் பிடித்து 1886-இலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். தட்டச்சு செய்து தேடினால் கிடைக்காது. தோட்டப் பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள், பல இடங்களில் "மேற்படி" என்ற சுருக்கக் குறி மட்டுமே. 11 மாலைகள் ஆயின. 1864-இல் தாத்தாவின் தாய். அவருடைய தாய் 1839-இல், முழு விடுதலைக்கு அடுத்த ஆண்டு, சுதந்திரமாகப் பிறந்த முதல் தலைமுறை. மூன்று பேருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறு, தோட்டம் ஒன்றே. 1839 பதிவில் இருந்த தாயைத்தான் அடிமைப் பதிவேட்டில் தேட வேண்டியிருந்தது.

1816 ஈஸ்டர் ஞாயிறன்று, புஸ்ஸா என்ற அடிமையின் பெயரால் அறியப்படும் அடிமைகளின் கிளர்ச்சி இதே செயின்ட் பிலிப்பில்தான் வெடித்தது. அதற்கு அடுத்த ஆண்டு பார்படோஸில் முதல் அடிமைப் பதிவேடு எடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பித்தார்கள், கடைசி 1834. மூல ஏடுகள் லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் டி 71 என்ற வரிசையில் இருக்கின்றன, படிமங்கள் ஆன்செஸ்ட்ரியில். 1834 பட்டியலில் எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரில் மூவர்: வயது 6, 24, 51. 1839-இல் குழந்தை பெற்றவர் 6 வயதுக்காரியாக இருக்க முடியாது, 51-உம் பொருந்தாது. 24 வயதுக்காரியை 1817-இல் தேடினேன். 7 வயது. தொழில் என்ற பத்தியில் ஏழு வயதுக் குழந்தைக்கும் ஒரு சொல் எழுதியிருந்தார்கள்: மூன்றாம் கூட்டம். களை பிடுங்கவும் மாட்டுக்குப் புல் சேர்க்கவும் சிறு பிள்ளைகளைச் சேர்த்த கூட்டம் அது. அந்த ஒரு சொல்லின் முன் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் பார்த்த பக்கங்களில் தாயின் பெயரைக் குறிக்கவில்லை. டிரினிடாட் ஏடுகளில் குடும்பமாகச் சேர்த்து எழுதியிருப்பார்கள், அங்கே வேர் உள்ளவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே போக முடியும். 1854-இல் பார்படோஸைக் காலரா தாக்கி சுமார் 20,000 பேர் இறந்தார்கள். அடக்க ஏட்டில் அந்த மாதங்களின் பக்கங்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே நெருக்கம். அதற்குப் பிறகு எந்த ஏட்டிலும் அந்தப் பெண்ணின் பெயர் வரவில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி தொகுத்திருக்கும் தரவுத்தளத்தில் தோட்டப் பெயரைக் கொடுத்தால், விடுதலையின்போது யாருக்கு இழப்பீடு கிடைத்தது என்று தெரியும். அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு பென்னியும் இல்லை, முதலாளிகளுக்கு மொத்தம் 2 கோடி பவுண்டு. அதற்காகப் பிரிட்டன் 1835-இல் வாங்கிய கடன் முழுவதும் அடைந்தது 2015-இல். அத்தை 34 ஆண்டுகள் செவிலியராக வரி கட்டியவர். இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்து, சொன்னேன். சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தத் தோட்டக்காரரின் பெயரைத் தாமே ஒருமுறை வாய்விட்டு வாசித்தார். பிறகு 7 வயதுக் குழந்தையின் பெயரை வாசித்தார், இரண்டு முறை.

செலவும் திருத்தமும்

பயணச் செலவைச் சேர்க்காமல் கையை விட்டுப் போனது மொத்தம் 118 பவுண்டு. அதில் 25 பவுண்டு இங்கிலாந்தில் இரண்டு இறப்புச் சான்றிதழ்கள், 38 பவுண்டு தவறான ஊரில் எடுத்த படிகள், மீதி தாள், அச்சு, உருப்பெருக்கி, கியூவுக்கு ரயில். கியூவில் நுழைவுச்சீட்டு இலவசம், படம் எடுக்கவும் கட்டணம் இல்லை. பென்சில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். வீட்டுப் பழுதுக்கு மரமும் ஆணியும் வண்ணமும் சேர்த்து 940 பார்படோஸ் டாலர், அது அண்ணன் கணக்கு.

மறுபடி தொடங்கினால் ஏட்டைத் திறப்பதற்கு முன் ஊரில் மிக வயதானவரிடம் போவேன். "எங்கே பிறந்தீர்கள்" என்று கேட்க மாட்டேன், "வீடு எப்போது, எதில் வந்தது" என்று கேட்பேன். பெட்டியில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் முதல் வாரத்திலேயே அளந்து, தேய்த்து, படம் எடுப்பேன். இரண்டு சான்றுகள் மோதினால் ஒன்றைப் பொய் என்று ஒதுக்காமல், இரண்டும் உண்மையாக இருக்க வழி உண்டா என்று பார்ப்பேன். எதையும் பொதுவில் ஏற்றுவதற்கு முன் ஓர் ஆண்டு பொறுப்பேன். அடுத்து மொரேவியன் சபை ஏடுகளைப் பார்க்கப் போகிறேன். விடுதலைக்கு முன்பே அடிமை மக்களைச் சேர்த்துக்கொண்ட சபை அது, ஆங்கிலிக்கன் ஏட்டில் காணாமல் போனவர்கள் அங்கே இருக்கலாம்.

மேற்குச் சுவரில் ஒரே ஒரு பலகையை அண்ணன் ஜனவரியில் அடிக்காமல் நிறுத்தி வைத்திருந்தார், நான் தேடி முடித்துவிட்டுச் சொல்லட்டும் என்று. உளியால் பதினொன்று என்று குறி போட்ட பலகை. ஆகஸ்டு 1 அங்கே விடுதலை நாள், விடுமுறை. அன்று காலை அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அத்தை லண்டனில் தம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, 1817 பக்கத்தின் படியை எதிரே வைத்துக்கொண்டு, அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அங்கே அண்ணன் பலகையின் உள்பக்கத்தில் தச்சுப் பென்சிலால் எழுதினார். தோட்டத்தின் பெயர், ஆண்டு, அதன் கீழே எங்கள் பிள்ளைகள் வரை எல்லாருடைய பெயரும். எழுதி முடித்துத் திரும்ப வாசித்துக் காட்டினார். அத்தை ஓர் எழுத்தைத் திருத்தினார். பிறகு பேசியைக் கீழே வைத்துவிட்டு அவர் பலகையை அடிக்கிற சத்தம் கேட்டது. எட்டு ஆணி. அத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.